லண்டன் வகுப்பறையில் ஒரு பினாங்குப் பெண்

(ஜார்ஜ் டவுன், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் பதிவு செய்யப்பட்ட தொலைக்காட்சி மன்றத்தில் அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, 'நம்மைச் சிரிக்க வைத்த வெள்ளைக்காரத் தொடர்'. இந்தத் தலைப்பை வீட்டில் சொன்னவுடன், எந்தத் தொடர் என்று நான் வாய் திறப்பதற்குள் அப்பா சொல்லிவிட்டார், "மைண்ட் யுவர் லேங்குவேஜ்தானே?" இங்கே முன்வரிசையில் இருக்கும் மாமாக்களும் அத்தைகளும் இப்போதே சிரிக்க ஆரம்பித்துவிட்டீர்கள். அப்படியானால் அப்பா சொன்னது சரிதான்.

நான் பிறப்பதற்கு முன்பே லண்டனில் முடிந்துபோன தொடர் அது. நான் அதைப் பார்த்தது விசிடியில். பிறகு யூடியூப்பில். தொடர்புத்துறையில் டிப்ளோமா படித்த காலத்தில், நகைச்சுவைத் தொடர் எப்படிக் கட்டப்படுகிறது என்று தெரிந்துகொள்ள மறுபடியும் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் ஒரே கேள்விதான் எனக்கு. பிரிட்டன் வெட்கப்பட்டு ஒதுக்கி வைத்த ஒரு தொடரை நாம் ஏன் இன்னும் விரும்புகிறோம்?

தெரியாத இளையவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1977 டிசம்பரில் லண்டன் வீக்எண்ட் தொலைக்காட்சி இதைத் தொடங்கியது. எழுதியவர் வின்ஸ் பாவெல். லண்டனில் ஒரு மாலை நேர வகுப்பு. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறார் ஜெரமி பிரவுன் என்ற இளம் ஆசிரியர். அந்த வேடத்தில் பேரி எவன்ஸ் நடித்தார். 1979 வரை மூன்று பருவங்கள், 29 பாகங்கள். 1986-இல் இன்னொரு தயாரிப்பில் 13 பாகங்கள். அவ்வளவுதான்.

பகல் வேலை, மாலை வகுப்பு

இது பள்ளிக்கூடத் தொடர் என்பார்கள். என்னைக் கேட்டால் இது வேலை செய்கிறவர்களின் தொடர். அந்த மாணவர்கள் யார் என்று பாருங்கள். சீக்கியரான ரஞ்சித் சிங்குக்கு லண்டன் பாதாள ரயிலில் வேலை. இத்தாலிக்காரர் ஜியோவானி சமையல்காரர். ஸ்பானியர் ஹுவான் மதுக்கடைப் பணியாளர். ஜெர்மன் பெண் அன்னாவும் பிரெஞ்சுப் பெண் டேனியலும் வெள்ளைக்காரர் வீடுகளில் தங்கிப் பிள்ளை பார்த்துக் கொள்கிறவர்கள். ஜப்பானியர் தாரோ மின்னியல் நிறுவனப் பிரதிநிதி. சீனப் பெண் சு-லீ சீனத் தூதரகத்தில் செயலாளர். அலி நதீம் வேலை தேடிக் கொண்டிருக்கும் பாகிஸ்தானியர். பகலெல்லாம் உழைத்துவிட்டு அல்லது வேலைக்கு அலைந்துவிட்டு, மாலையில் வந்து சின்னப் பிள்ளைகள் போல் வாங்கில் உட்காருகிறார்கள்.

ஆசிரியர் பிரவுனுக்கோ அதுவே வேலையிடம். மேலே தலைமை ஆசிரியை மிஸ் கோர்ட்னி. ஆண்கள் பாடம் நடத்தினால் உருப்படாது என்று நினைக்கிற அம்மா. பிரவுன் எப்போது ஏடாகூடமான நிலையில் சிக்கியிருக்கிறாரோ அந்த நொடியில்தான் கதவைத் திறப்பார். முதலாளி எந்த நேரத்தில் உள்ளே வருவார் என்பது தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் வேலை செய்த எவருக்கும் தெரிந்த விஷயம் அல்லவா? அந்தச் சிரிப்புக்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை.

கம்பளையும் பினாங்கும்

அடுத்து நடிகர்களைப் பற்றி ஒரு செய்தி. ரஞ்சித் சிங்காகத் தலைப்பாகை கட்டி நடித்த ஆல்பர்ட் மோசஸ் பஞ்சாபி அல்லர். இலங்கையில் கம்பளையில் பிறந்தவர். தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த மலையகத்து ஊர் அது. பாகிஸ்தானியராக நடித்த டினோ ஷஃபீக் பிறந்தது டாக்காவில். கிரேக்கராக நடித்த கெவோர்க் மாலிக்யான் துருக்கியில் பிறந்த ஆர்மீனியர். பிரெஞ்சுப் பெண்ணாக நடித்த பிரான்சுவாஸ் பாஸ்கல் மொரீஷியஸில் பிறந்தவர்.

கையில் மாவோவின் சிவப்புப் புத்தகத்தை வைத்துக்கொண்டு தாரோவோடு ஓயாமல் சண்டை போடும் சு-லீ இருக்கிறாரே, அவர் எங்கே பிறந்தவர் தெரியுமா? இதே பினாங்கில். அவர் பெயர் பிக்-சென் லிம். 1944-இல் இங்கே பிறந்து, பதின்ம வயதிலேயே நடிப்புக் கனவோடு இங்கிலாந்துக்குப் போனவர். 2011-இல் வெளிவந்த ஜானி இங்கிலீஷ் ரீபார்ன் படத்தில், துப்புரவுப் பணியாளர் வேடத்தில் வந்து கொலை செய்யத் துரத்தும் பாட்டியாக நடித்தவரும் அவர்தான். 2025-இல் காலமானார்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் நடிப்பைத் தொழிலாகக் கொண்ட ஒரு பினாங்குப் பெண், வேலை கிடைக்க வேண்டுமென்றால் ஆங்கிலம் தெரியாதவர் போல் பேச வேண்டும். கம்பளையில் பிறந்தவரும் அப்படித்தான். தெரிந்த மொழியைத் தெரியாதது போலப் பேசுவதுதான் அவர்களுக்குக் கிடைத்த சம்பளம். திரையில் நாம் பார்த்தது பத்துப் பேர் ஆங்கிலம் கற்கும் வகுப்பு. திரைக்குப் பின்னால் அது நன்றாக ஆங்கிலம் பேசத் தெரிந்தவர்களின் வேலையிடம்.

லண்டன் ஏன் நிறுத்தியது?

தொடர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதே அந்த நிலையத்தின் உயர் அதிகாரி மைக்கேல் கிரேட் அதை நிறுத்தினார். ஒவ்வோர் இனத்தையும் ஒரே அச்சில் வார்த்துக் கேலி செய்கிறது என்பது அவர் சொன்ன காரணம். சீக்கியர் என்றால் எதற்கெடுத்தாலும் மன்னிப்பு, ஜப்பானியர் என்றால் குனிந்து வணக்கம், இந்தியக் குடும்பப் பெண் என்றால் பின்னல் ஊசி. அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அதை நாம் மழுப்பக் கூடாது.

அந்தக் காலத்து லண்டனையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1976 முதல் 1978 வரை, வட லண்டனில் கிரன்விக் என்ற புகைப்படம் கழுவும் தொழிற்கூடத்தில் ஆசியப் பெண்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் ஜெயாபென் தேசாய் என்ற குஜராத்திப் பெண்மணி. சேலை கட்டிக்கொண்டு தொழிற்கூட வாசலில் நின்று அவர் பேசியதும் தாய்மொழி வாடை அடிக்கிற ஆங்கிலம்தான். நாடு முழுவதிலுமிருந்து பல்லாயிரம் தொழிலாளர்கள் அந்த வாசலுக்கு வந்து அவருக்குத் துணை நின்றார்கள். 1979 ஏப்ரலில் சவுத்தாலில் இனவெறிக் கட்சிக்கு எதிராக ஆசியர்கள் திரண்டார்கள். அந்த ஆர்ப்பாட்டத்தில் பிளேர் பீச் என்ற ஆசிரியர் உயிரிழந்தார். வீதியில் இப்படி நடந்து கொண்டிருந்தபோது, வீட்டுக் கூடத்தில் ஆசியரின் உச்சரிப்பு நகைச்சுவையாக ஓடியது. அங்கே வாழ்ந்த நம்மவர்களின் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் ரஞ்சித் சிங் மாதிரி பேசிக் காட்டச் சொல்லிச் சீண்டினால் அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

நாம் வேறு இடத்தில் சிரித்தோம்

ஆனாலும் அந்தத் தொடர் கடல் கடந்து போனது. இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், நைஜீரியா, சிங்கப்பூர் என்று போய் நம் நாட்டிலும் ஒளியேறியது. கேலி செய்யப்பட்டவர்களின் நாடுகளிலேயே அதற்கு வரவேற்பு அதிகம். 1993-இல் தூர்தர்ஷனில் பங்கஜ் கபூர் நடித்த ஜபான் சம்பால்கே என்ற இந்தித் தொடர் இதைத் தழுவியது. அங்கே பாடம் ஆங்கிலம் அல்ல, இந்தி. இலங்கையில் வந்த சிங்களத் தழுவலின் பெயர் ராஜ கடுவ. கடுவ என்றால் வாள். ஆங்கிலத்துக்கு அங்கே வழங்கும் பட்டப்பெயர் அது. தெரிந்தவன் கையில் ஆயுதம், தெரியாதவன் கழுத்தில் வெட்டு.

நமக்கு மானம் ரோஷம் இல்லை என்று இதற்குப் பொருளா? இல்லை. ஸ்டூடியோவில் உட்கார்ந்து பார்த்த வெள்ளைக்காரர்களின் சிரிப்பும் அந்தத் தொடரில் பதிவாகியிருக்கிறது. அந்தச் சிரிப்பு எங்கே வருகிறது, நம் வீட்டில் சிரிப்பு எங்கே வருகிறது என்று ஒப்பிட்டுப் பார்த்தேன். உச்சரிப்பு பிசகும்போது அவர்கள் சிரித்தார்கள். ஆசிரியர் ஒரு மரபுத்தொடரைச் சொல்ல, மாணவர்கள் அதன் நேர்ப்பொருளைப் பிடித்துக்கொண்டு அவரைத் திணற வைக்கும்போது அப்பா சிரித்தார். ஆங்கிலம் எவ்வளவு கோணலான மொழி, சொல்வது ஒன்று பொருள் ஒன்று என்று அந்த இடத்தில் தெரிந்துவிடும். லண்டன்காரர் மாணவரைப் பார்த்துச் சிரித்தார். நாம் மாணவரோடு சேர்ந்து அந்த மொழியைப் பார்த்துச் சிரித்தோம்.

ஏனென்றால் அந்த வகுப்பறை நமக்குப் பழக்கமானது. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்து, இடைநிலைப்பள்ளிக்குப் போகும் முன் 'ரிமூவ் கிளாஸ்' என்ற புகுமுக வகுப்பில் ஓராண்டு உட்கார்ந்தவர்கள் இந்த அவையில் எத்தனை பேர்? கை தூக்குங்கள். பார்த்தீர்களா, பாதி மண்டபம்! தமிழில் கணக்குப் போட்டுப் பரிசு வாங்கிய பிள்ளை, மலாய்மொழியில் "கழிவறைக்குப் போகலாமா?" என்று கேட்கத் தெரியாமல் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அறிவு குறைந்துவிடவில்லை. மொழி மட்டும்தான் மாறியது. அந்த வேதனை தெரிந்தவர்களுக்கு, பிரவுன் வகுப்பில் யாரும் முட்டாள் அல்ல என்பது பார்த்த மாத்திரத்தில் விளங்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த வகுப்பில் பத்துப் பேருக்கும் ஆங்கிலம் சொந்தமில்லை. ஆகவே ஒருவர் கேலி செய்தால் மற்றவர் உடனே திருப்பிக் கொடுப்பார். ரஞ்சித்தும் அலியும் முட்டிக்கொள்வார்கள். சு-லீயும் தாரோவும் முட்டிக்கொள்வார்கள். அடுத்த வாரம் அதே வாங்கில் மறுபடி உட்காருவார்கள். உடைந்த ஆங்கிலத்தில்தான் அவர்களுக்குள் நட்பும் வளர்ந்தது. பல இனம் வாழும் நாட்டில் இருக்கும் நமக்கு இதைவிட நெருக்கமான காட்சி வேறென்ன?

சாலைப் பெயரில் ஒரு பாடம்

நாம் இப்போது கூடியிருக்கும் சாலையையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு பிட் ஸ்திரீட். பிரிட்டிஷ் பிரதமர் ஒருவரின் பெயர். இன்று கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை. 1801-இல் இந்தப் பள்ளிவாசலை எழுப்பியவர்கள் தமிழ் முஸ்லிம் வணிகர்கள். அவர்களின் தலைவரான காதர் மைதீனைக் கம்பெனி ஆட்சி கப்பித்தானாக ஏற்றுக்கொண்டது. கப்பித்தானின் வேலை என்ன? தன் மக்களிடம் ஒரு மொழி, துரையிடம் ஒரு மொழி, சந்தையில் ஒரு மொழி. இன்றும் இந்தச் சாலையில் பணம் மாற்றும் கடை வைத்திருக்கும் நானா ஒருவர், தமிழில் பேசிக்கொண்டே சீன அம்மாவுக்கு ஹொக்கியனில் விலை சொல்லி, வெளிநாட்டுப் பயணிக்கு ஆங்கிலத்தில் சில்லறை எண்ணிக் கொடுப்பார். தேவாலயம், குவான் இன் கோயில், முதுகைக் காட்டி நிற்கும் மாரியம்மன் கோயில், பள்ளிவாசல் என்று எல்லாம் ஒரே வரிசையில் இருக்கும் தெருவில் ஒரு மொழியோடு பிழைக்க முடியாது.

'கெலிங்' என்ற சொல்லைப் பாருங்கள். கலிங்கத்திலிருந்து வந்த பெயர் என்பார்கள். தென்னிந்தியர்களைக் குறிக்க ஒரு காலத்தில் சாதாரணமாக வழங்கியது. சாலைப் பலகையில் கப்பித்தான் என்ற மரியாதையோடு சேர்ந்து நிற்கும்போது அது நம் முன்னோர் வரலாறு. அதே சொல்லை வேலையிடத்தில் ஒருவர் நம் முகத்துக்கு நேரே எறிந்தால் அது வசை. மூன்றெழுத்து நான்கெழுத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள், அந்தச் சொல் தங்கள் மேல் விழாதவர்கள்.

நகைச்சுவைக்கும் இதே அளவுகோல்தான் என்று நினைக்கிறேன். கேலி செய்யப்படுகிறவர் அந்த அறையில் இருக்கிறாரா? திருப்பிப் பேச அவருக்கு இடம் உண்டா? பிரவுன் வகுப்பில் கதாபாத்திரங்களுக்கு அந்த இடம் இருந்தது. அதனால்தான் நாம் விரும்பினோம். நடிகர்களுக்கு அந்த இடம் இல்லை. எழுதுகோல் அவர்கள் கையில் இல்லை. அதனால்தான் கிரேட் நிறுத்தியதும் நியாயம். 1998 முதல் 2001 வரை பிபிசியில் குட்நெஸ் கிரேஷியஸ் மீ என்ற நிகழ்ச்சி வந்தபோதுதான் அங்குள்ள ஆசியர்கள் தாங்களே எழுதித் தாங்களே நடித்தார்கள். அதில் ஓர் அங்கம். இந்தியர்கள் கூட்டமாக ஆங்கிலேயச் சாப்பாட்டுக் கடைக்குப் போய், உப்புச் சப்பில்லாத பதார்த்தமாகப் பார்த்துக் கேட்டு அட்டகாசம் செய்வார்கள். கறிக்கடையில் ஆங்கிலேயர் பண்ணுகிற கூத்தைத் திருப்பிப் போட்ட கண்ணாடி அது.

இப்போது நம் முறை

என் துறையில் இந்த விஷயம் இன்னும் பழங்கதையாகவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விளம்பரத்துக்குக் குரல் கொடுக்கப் போனேன். சரளமாக மலாயில் பேசினேன். "நன்றாக இருக்கிறது, ஆனால் இன்னும் கொஞ்சம் இந்தியர் மாதிரி பேசுங்கள்" என்றார்கள். முப்பது ஆண்டு இந்தியராகவே வாழ்கிறேன், இன்னும் எப்படி? அவர்கள் கேட்டது தலையாட்டலையும் நாக்கு மடிப்பையும். பிக்-சென் லிம்மும் ஆல்பர்ட் மோசஸும் என் நினைவுக்கு வந்தார்கள். அந்த வேலையை நான் ஏற்கவில்லை. ஆனால் வீட்டு வாடகைக்கு அந்தப் பணம் தேவைப்படுகிற ஒருவர் ஏற்றிருப்பார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

இதைச் சொல்லிவிட்டு நம் பக்கமும் திரும்பிப் பார்க்க வேண்டும். இன்று இந்தச் சாலையைச் சுற்றியுள்ள சாப்பாட்டுக் கடைகளில் உங்கள் தட்டில் குழம்பு ஊற்றுவது யார்? வங்காளதேசத்துத் தம்பி, நேப்பாளத்துத் தம்பி, மியன்மார்த் தம்பி. நாள் முழுக்க நின்றபடி உழைக்கிறார்கள். மலாய்மொழியில் கணக்குச் சொல்கிறார்கள், தமிழில் "அண்ணே, தண்ணி?" என்கிறார்கள், ஹொக்கியனில் இரண்டு வார்த்தை பொறுக்கி வைத்திருக்கிறார்கள். பன்மொழிப் புலவர்கள் என்று பட்டம் கொடுக்கலாம். நாம் என்ன செய்கிறோம்? அவர்களின் தமிழைப் பேசிக் காட்டிச் சிரிக்கிறோம். 'பங்களா' என்று ஒரு நாட்டு மக்களின் பெயரையே வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். மேடை நாடகத்தில், திருமண விருந்து நிகழ்ச்சியில், சமூக ஊடகக் காணொளியில் சிரிப்பு வராவிட்டால் ஒரு பங்களாக் குரலைக் கொண்டுவந்து நிறுத்துகிறோம். அந்தத் தம்பி பக்கத்தில் மேசை துடைத்துக்கொண்டிருப்பார். திருப்பிப் பேசினால் முதலாளி என்ன சொல்வாரோ, அனுமதிச்சீட்டு என்னவாகுமோ என்று அவரும் சேர்ந்து சிரிப்பார். அந்தச் சிரிப்பை நம் தாத்தாக்கள் துரை முன்னால் சிரித்திருக்கிறார்கள். அது மகிழ்ச்சிச் சிரிப்பு அல்ல என்று நமக்குத் தெரியும்.

ரஞ்சித் சிங்குக்காவது பிரவுன் என்று ஓர் ஆசிரியர் கிடைத்தார். பிழையைத் திருத்தி, மறுநாளும் வரச் சொன்னவர் அவர். இந்தத் தம்பிகளுக்கு எந்த மாலை வகுப்பும் இல்லை. வாடிக்கையாளரின் கேலிதான் அவர்களுக்குப் பாடநூல்.

நேயர்களே, பழைய தொடரை எடுத்துப் பாருங்கள், தாராளமாகச் சிரியுங்கள் என்றுதான் சொல்வேன். பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். சு-லீ திரையில் வரும்போது, "இவர் நம் பினாங்குப் பெண், நிஜத்தில் நன்றாக ஆங்கிலம் பேசியவர்" என்று சொல்லிக் கொடுங்கள். லண்டனில் எங்கே சிரித்தார்கள், நாம் எங்கே சிரிக்கிறோம் என்று பிள்ளைகளிடமே கேளுங்கள். அவர்கள் சரியாகக் கண்டுபிடிப்பார்கள்.

எங்கள் துறையில் எழுதுகிறவர்களுக்கும் தயாரிக்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வங்காளதேசத் தொழிலாளி ஒருவரைக் கதையில் கொண்டுவந்தால், அவருக்கு ஒரு பெயர் கொடுங்கள், ஊர் கொடுங்கள், திருப்பிப் பேச ஒரு வசனம் கொடுங்கள். முடிந்தால் அந்த வேடத்தை அவர்களில் ஒருவருக்கே கொடுங்கள்.

உங்களுக்கும் ஒன்று. இன்று இரவு சாப்பிடப் போகும் கடையில் அந்தத் தம்பி ஒரு தமிழ்ச் சொல்லைப் பிசகாகச் சொன்னால், சரியான சொல்லை ஒருமுறை மெதுவாகச் சொல்லிக் கொடுங்கள். கூடவே அவர் மொழியில் அதற்கு என்ன பெயர் என்று கேளுங்கள். நாம் சொல்வதும் பிசகும். அப்போது அவர் சிரிக்கட்டும்.